கேள்வி மேடை: ஹைட்ரஜன் வண்டி கட்டுப்படியாகுமா?

அடுத்த கார் வாங்க ஹைட்ரஜன் வரும்வரை பொறுக்கலாமா?
– கோமதி, குரோம்பேட்டை

பொறுக்க வேண்டாம். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் கரன்ட் பிடிக்கும். அதை அழுத்தி டேங்கில் ஏற்ற இன்னும் சில யூனிட். ஹைட்ரஜனிலிருந்து வண்டிக்குள்ளேயே கரன்ட் எடுத்து ஓடும் டொயோட்டா மிராய் போன்ற கார் அந்த ஒரு கிலோவில் சுமார் 115 கி.மீ. ஓடும். அதே 55 யூனிட்டைப் பேட்டரி காரில் ஏற்றினால், யூனிட்டுக்கு 6 கி.மீ. என்றாலும் 330 கி.மீ. போகலாம்.

அடைத்து வைப்பதுதான் அடுத்த பாடு. நம் ஊர் வெப்பத்தில், சாதாரண அழுத்தத்தில், ஒரு கிலோ ஹைட்ரஜன் 12,000 லிட்டர் இடத்தை அடைக்கும். ஒரு தண்ணி லாரி அளவு! அதனால்தான் கார்களில் 700 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). சிஎன்ஜிக்கு 200 பார் போதும். அப்படி அழுத்தியும் லிட்டருக்கு 40 கிராம்தான் கொள்ளும். ஹைட்ரஜன் ஊடுருவினால் பல வகை எஃகு நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும் என்பதால் பழைய சிஎன்ஜி சிலிண்டர் உதவாது. பிளாஸ்டிக் உறைமேல் கார்பன் இழை சுற்றிய டேங்க் வேண்டும். விலையை அதுதான் ஏற்றுகிறது.

வேகமாக நிரப்பும்போது டேங்க் சூடேறும். 85 டிகிரியைத் தாண்டக் கூடாது. எனவே பங்க்கிலேயே வாயுவை மைனஸ் 40 டிகிரிக்குக் குளிர்வித்துத் தருவார்கள். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் நாசிலில் பனி உறைந்து, காரின் வாயோடு ஒட்டிக்கொள்ளும். கடலோர ஊரில் இதைக் கணக்கில் எடுத்தே பங்க் அமைக்க வேண்டும்.

லாரிக்காவது உதவுமா?
– செல்வம், எண்ணூர்

உதவலாம். பாரம் ஏற்றி நெடுந்தூரம் போகிற, ஒரே டிப்போவுக்குத் திரும்புகிற வண்டிக்கு நியாயம் இருக்கிறது. அசோக் லேலண்டும் ரிலையன்ஸும் 2023-ல் ஹைட்ரஜன் இன்ஜின் லாரியைக் காட்டின. இன்ஜினில் எரித்தால் கார்பன் புகை அநேகமாக இல்லை. காற்றைக் கெடுக்கும் நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் வரும்.

பழைய காரில் 'தண்ணீர் கேஸ்' கிட் மாட்டினால் மைலேஜ் கூடுமா?
– பாஸ்கர், அம்பத்தூர்

கூடாது. இந்தக் கிட் காரின் கரன்ட்டில் தண்ணீரைப் பிரித்து, வரும் கேஸை இன்ஜினுக்குள் விடும். அது 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் இழுத்தால் 240 வாட். அதை ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்றும் ஜெனரேட்டர்) தர, இன்ஜின் சுமார் 1,500 வாட் அளவு பெட்ரோலை எரிக்கும். திரும்பக் கிடைப்பதோ நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கேஸ். அதிலுள்ள சக்தி சுமார் 110 வாட். போதாததற்கு, கரன்ட் பாய்வதற்காகத் தண்ணீரில் கலக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் சாரல் குழாய் வழியே போய், இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் அலுமினிய த்ராட்டில் பாடியை அரிக்கும். கலந்து வரும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரு பொறி பட்டாலே வெடிக்கும்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் முதலில் ஃபியூஸைக் கழற்றுங்கள், பிறகு குழாயை. கிட்டுக்காக இன்ஜினின் காற்றுக்குழாயில் போட்ட துளையை அடைக்க மறந்தால் ஐடிலிங் தடுமாறும்.