ஐயரம்மாவின் அழைப்பு

அன்புள்ள அக்கா,

எனக்கு 38 வயது. பதினோரு வருடமாகக் குருவானவராக இருக்கிறேன். ஆறு மாதக் குழந்தையாக மஞ்சள் காமாலையில் கிடந்தபோது, பிழைத்தால் ஊழியத்துக்கு விட்டுவிடுகிறேன் என்று அம்மா பொருத்தனை செய்தார். பி.காம். முடித்து இரண்டு வருடம் வேலை பார்த்தேன். அப்புறம் பி.டி. என்ற இறையியல் படிப்பு, குருப்பட்டம். இப்போது சபைக் கமிட்டி, சபைத் தேர்தல், கோர்ட் கேஸ் என்றே நாட்கள் போகின்றன. நிம்மதியாக ஜெபிக்க முடியவில்லை. கோயம்புத்தூர் நண்பர் தன் கம்பெனியில் கணக்கு வேலை தருகிறேன் என்கிறார். இயேசு சொன்னதுபோல, கலப்பையில் கை வைத்துவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்க்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. அழைப்பு தீர்ந்துபோகுமா? நான் என்ன முடிவெடுத்தாலும் மனைவி சம்மதிப்பாள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று, இறந்துபோன என் அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கலப்பை வசனத்தை நீங்களே எத்தனை பேர்மேல் வீசியிருப்பீர்கள்? இப்போது உங்கள்மேலேயே விழுகிறது, அவ்வளவுதான். வேதத்தில் பவுல் எழுதிய 2 தீமோத்தேயு 4-ஐ எடுங்கள். பத்தாம் வசனத்தில் தேமா பவுலை விட்டுப் போகிறான். ஊழியத்தை விட்டவனுக்கெல்லாம் நம் ஊரில் அந்தப் பெயர்தான். அடுத்த வசனத்தை யாரும் வாசிப்பதில்லை. மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா என்கிறார் பவுல். பம்பிலியாவில் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போன அதே மாற்குதான். திருநெல்வேலியில் மிஷனரியாக இருந்த ரேனியஸ் கதை உங்களுக்குத் தெரியும். 1835இல் சி.எம்.எஸ். மிஷன் சங்கம் அவரை நீக்கியது. திருநெல்வேலியை விட்டுப் போனவர், உபதேசிமார் கூப்பிட்டதும் திரும்பி வந்து, சங்கத்துச் சம்பளம் இல்லாமலே 1838இல் சாகும்வரை இங்கே உழைத்தார். அம்மாவின் பொருத்தனையை அம்மாவும் ஆண்டவரும் பார்த்துக்கொள்வார்கள். தேர்தலையும் கோர்ட்டையும் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு பிரஷர் ஏறும், விட்டுவிடுகிறேன்.

ஆனால் உங்கள் கடைசி வரியை விட மாட்டேன். அம்மாவுக்கு ஒரு கதையே சொல்கிறீர்கள். நண்பருக்கு ஊர் பெயர் முதற்கொண்டு கொடுக்கிறீர்கள். மனைவிக்கு ஒரு வரி, அதிலும் 'சம்மதிப்பாள்'. கேட்டீர்களா, இல்லை நீங்களே முடிவு செய்துகொண்டீர்களா? நீங்கள் பட்டம் பெற்ற அன்று பேராயர் உங்கள் அழைப்பைப் பற்றிச் சபை முன்னால் கேட்டார். உங்கள் மனைவியிடம் யார் கேட்டார்கள்?

என் அப்பாவும் ஐயர்தான். குருவானவரை நம் சபையில் அப்படித்தான் கூப்பிடுவோம், அவர் மனைவி ஐயரம்மா. தேரிக்காட்டுச் சேகரங்களில், அதாவது செம்மணல் காட்டு ஊர்ச் சபைகளில், முப்பது வருடம். அப்பாவுக்கு டிரான்ஸ்பர் வந்தால் அம்மா எடுப்பது அந்த நாற்பது பக்க நோட்டைத்தான். முதல் பக்கத்தில் 'குருமனைச் சாமான்கள்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். குருமனை என்றால் சபை ஐயருக்குக் கொடுக்கும் வீடு. தேக்கு நாற்காலி 6, பெஞ்சு 2, கட்டில் 2, குத்துவிளக்கு 1, கிணற்று வாளி 1. எல்லாவற்றின் முதுகிலும் வெள்ளை பெயிண்டில் நம்பர் இருக்கும். நான் வீட்டுப்பாடம் எழுதிய நாற்காலி நம்பர் 4. ஒரு ஊரில் கமிட்டி செக்ரட்டரி லாரியை நிறுத்திவைத்துவிட்டு எண்ணிப் பார்த்தார். நாற்காலி ஐந்துதான் இருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. கோழி முட்டை விற்றுச் சேர்த்த பணத்தை முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து அந்த நாற்காலி கோயில் மணிக்கூண்டு அறையில் கிடைத்ததாகக் கார்டு வந்தது. பணம் வரவில்லை. நோட்டில் அந்த வரிக்கு நேரே அம்மா 'கிடைத்தது' என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

பெண்கள் ஐக்கிய சங்கம், ஓய்வுநாள் பள்ளி, அசன விருந்துக்கு அரிசி அளப்பது, ராத்திரி பத்து மணிக்குப் புருஷனிடம் அடிபட்டு வருகிறவளுக்குப் பாய் விரிப்பது, எல்லாம் அம்மாதான். கமிட்டி கூடினால் இருபத்து நான்கு டம்ளர் காபி. நாற்காலி குறைந்ததைப் பேசிய கூட்டத்துக்கும் அவர்தான் காபி போட்டார்! சம்பளப் பட்டியலில் அவர் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை. இது இன்று வந்த வழக்கமும் அல்ல. கால்டுவெல்லுக்கு 1968இல் மெரினாவில் சிலை வைத்தோம், சந்தோஷம். எலைசா கால்டுவெல்? நாகர்கோவில் மிஷனரி மால்ட்டின் மகள், தமிழோடு வளர்ந்தவர், 1844இல் கால்டுவெல்லைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு இடையன்குடிக்கு வந்து பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். தன் அம்மா நாகர்கோவிலில் தொடங்கிய லேஸ் பின்னலை அந்தச் செம்மண்ணுக்குக் கொண்டுவந்தார். எத்தனையோ வீட்டில் அடுப்பெரிந்தது அந்த நூலில்தான். அவரைப் பற்றி உங்கள் செமினரியில் எத்தனை பக்கம் படித்தீர்கள்?

தென்னிந்தியத் திருச்சபை 1976இலேயே ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்துவிட்டது. பெண் குருவானவரின் கணவரைக் கமிட்டிக்குக் காபி போடச் சொல்லி யாராவது கேட்டதாக எனக்குத் தெரியாது. அவரைக் கூப்பிட ஒரு பெயர்கூட நம்மிடம் இல்லை. ஐயரம்மாவுக்கு இருக்கிறது, அதோடு வேலையும் இருக்கிறது.

திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். திட்டத்தான் செய்கிறேன், கோபம் உங்கள்மேல் மட்டும் இல்லை. ஜெபிக்க முடியவில்லை என்று எழுதிய இடத்தில் எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது. அவரும் அதைச் சொன்னார், ஓய்வுபெற்ற பிறகு.

அப்பா ஓய்வுபெற்ற அன்று கையில் ஒரு சாவியும் இல்லை. பாளையங்கோட்டையில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தோம். அம்மா பாத்திரக்கடைக்குப் போய் இரண்டே இரண்டு டம்ளர் வாங்கி வந்தார். மூன்றாவது ஆள் வந்தால்? அப்பா குடித்து முடித்துக் கழுவி வைக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பேராயரே ஒருமுறை அப்படி உட்கார்ந்திருக்கிறார்.

கோயம்புத்தூருக்குப் போவதா வேண்டாமா என்று நான் சொல்லப்போவதில்லை. இன்று ராத்திரி உங்கள் மனைவியை உட்காரவைத்துக் கேளுங்கள். காபியை நீங்கள் போடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுத வேண்டாம், அவரையே எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா