பெனால்டியில் 15-14 என்று ஒரு கால்பந்துக் கோப்பை இறுதிப் போட்டி முடிய முடியுமா?

முடியும். 2009 மே 2, ஏதென்ஸ் ஒலிம்பிக் மைதானம், கிரேக்கக் கோப்பை இறுதிப் போட்டி. ஒரு அணி ஒலிம்பியாகோஸ், ஏதென்ஸ் அருகிலுள்ள பிரேயஸ் துறைமுகத்தின் அணி. எதிரணி ஏஇகே, கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து (இன்றைய இஸ்தான்புல்) அகதிகளாக வந்தவர்கள் 1924-ல் தொடங்கிய கிளப். இன்றும் சட்டையில் பைசாந்திய இரட்டைத்தலைக் கழுகு.

ஏஇகே 3-2 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிந்தே போச்சு என்ற நிலையில், 90 நிமிடத்துக்குப் பின் நடுவர் சேர்த்த நிமிடங்களில் ஒலிம்பியாகோஸின் மேட் டெர்பிஷைர் கோல் போட்டு 3-3 ஆக்கினார். சமநிலை என்பதால் ஆடிய 30 நிமிடக் கூடுதல் நேரம் முடிந்தபோது 4-4. அப்புறம்தான் பெனால்டி.

இரு அணிகளும் மாறி மாறி உதைக்கும்; ஆளுக்கு ஐந்து உதைகளில் முடிவு வரவில்லை என்றால் அணிக்கு ஒவ்வொன்றாகத் தொடரும். களத்தில் இருக்கும் எல்லோரும் ஒரு முறை உதைக்கும்வரை யாருக்கும் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அதனால் கோல்கீப்பரும் உதைத்தே ஆகவேண்டும். அன்று ஒலிம்பியாகோஸ் கீப்பர் அந்தோனிஸ் நிகோபொலிடிஸ், 2004-ல் கிரீஸ் ஐரோப்பிய சாம்பியன் ஆனபோது வலை காத்தவர், தானே கோல் அடித்தார், எதிரணி உதையையும் தடுத்தார். கோப்பை பிரேயஸுக்குப் போனது. லீக் பட்டமும் அந்த வருடம் அவர்களுக்குத்தான். ஆனாலும் நான்கு கோல் போட்டு, பெனால்டியில் பதினான்கு முறை வலையைத் தொட்டும் தோற்ற ஏஇகே வீரர்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கேட்பதில்லை.