பேசி முடிச்சுக்கலாம்னு சொன்னா தலையாட்டிராதே தம்பி

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்த 300 டாலரை வாங்காதே. காரணம் அப்புறம்.

மேலூரிலிருந்து நியூஜெர்சி வந்து இரண்டு மாதம், லைசென்ஸ் வாங்கி மூன்று வாரம், நேற்று சாயங்காலம் எடிசன் பக்கம் ரூட் 1 சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து ஒருவர் முட்டிவிட்டார், ஆள் தன்மையானவர், "போலீஸ் எல்லாம் எதுக்கு, நமக்குள்ளேயே முடிச்சுக்கலாம், 300 டாலர் தர்றேன்" என்கிறார், உடம்புக்கு ஒன்றுமில்லை, வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். நான் இப்போது லீவில் மதுரை கே.புதூர் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இன்று காலை கோரிப்பாளையத்தில் ஒரு ஷேர் ஆட்டோ பைக்கை உரசி இண்டிகேட்டரை உடைத்துவிட்டது. நாலு பேர் கூடினார்கள், டீக்கடையிலிருந்து ஒரு பெரியவர் கிளாஸோடு எழுந்து வந்து "விடுங்கப்பா, ரெண்டு பேரும் வேலைக்குப் போறவுக" என்றார், 200 ரூபாய் கை மாறியது, சிக்னல் இரண்டாவது தடவை விழுவதற்குள் ஆட்டோவும் இல்லை பைக்கும் இல்லை. நாம் வளர்ந்தது இப்படித்தான். போலீஸ், கேஸ் என்று போகிறவனை ஊரே ஒரு மாதிரி பார்க்கும். இந்தப் பெருந்தன்மையை அங்கே காட்டினால் பில் உன் பெயருக்கு வரும்.

எனக்கு வந்தது. அமெரிக்கா போன முதல் குளிர்காலம், ரூட் 27-இல் உன்னைப் போலவே நின்றுகொண்டிருந்தேன், பின்னால் இடி. அம்மா அரைத்துக் கொடுத்த மிளகாய்த்தூள் பொட்டலம் டிக்கியில் இருந்தது, உடைந்து வண்டி முழுக்கப் பறந்துவிட்டது. இடித்தவரும் நானும் தும்மிக்கொண்டே பேசினோம். இடி வாங்கியவன் நான், "ஸாரி, ஸாரி" என்று சொல்லிக்கொண்டிருந்ததும் நான்தான்! 200 டாலர் கொடுத்தார், வாங்கிக்கொண்டு கையும் குலுக்கினேன். பம்பரில் வெளியே ஒரு கீறல்தான் தெரிந்தது. மூன்றாம் நாள் ஒர்க்‌ஷாப்பில் பிளாஸ்டிக்கைக் கழற்றிக் காட்டினார்கள், உள்ளே இருக்கிற இரும்புச் சட்டம் வளைந்திருந்தது, 1,900 டாலர் என்றார்கள். அதைவிட மோசம், அதற்கு முந்தின நாளே கழுத்து பிடித்துக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கத் தலையைத் திருப்ப முடியவில்லை. சுளுக்குத்தானே என்று தைலம் தேய்த்துக்கொண்டு ஆறாம் நாள்தான் டாக்டரிடம் போனேன். இன்சூரன்ஸ்காரர்கள் கேட்ட முதல் கேள்வியே "ஐந்து நாள் என்ன செய்தீர்கள்?" என்பதுதான். இடித்தவரின் போன் அதற்குள் அணைந்துவிட்டது, போலீஸ் ரிப்போர்ட்டும் கிடையாது.

அதனால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று இன்றைக்கே முடிவு கட்டாதே. பின்னாலிருந்து இடிபடும்போது உடம்பு சீட்டோடு முன்னே போகும், தலை ஒரு கணம் பின்தங்கிச் சவுக்கு மாதிரி வெட்டும், கழுத்துத் தசைக்கு வலி பல சமயம் மறுநாளோ அதற்கு மறுநாளோதான் தெரியும். இன்றைக்கே அர்ஜென்ட் கேர், அதாவது அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் போகிற கிளினிக், போய் "நேற்று கார் விபத்து" என்று சொல்லிப் பதிவு செய்துகொள். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி, மயக்கம், கை கால் மரத்துப்போதல் என்று எது வந்தாலோ அர்ஜென்ட் கேர் எல்லாம் வேண்டாம், நேரே 911, நம்ம ஊர் 108 மாதிரி.

செலவை நினைத்துப் பயப்படாதே. நியூஜெர்சியில் தப்பு யாருடையதாக இருந்தாலும் உன் வைத்தியச் செலவை உன் கார் இன்சூரன்ஸே முதலில் பார்க்கும், பாலிசியில் பி.ஐ.பி. (பெர்சனல் இஞ்சுரி புரொடெக்‌ஷன்) என்று போட்டிருக்கும் பார். உன் சொந்த மெடிக்கல் இன்சூரன்ஸ் முதலில் கொடுக்கட்டும் என்று பிரீமியம் குறைய ஏதாவது டிக் பண்ணியிருக்கிறாயா என்றும் பார்த்துக்கொள், புதிதாக வருகிறவர்கள் ஆன்லைனில் பாலிசி எடுக்கும்போது மலிவானதையே வரிசையாக டிக் பண்ணிக்கொண்டு போவார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். வழக்குப் போடும் உரிமையைக் குறைத்துக்கொண்டால் பிரீமியம் குறையும் என்று அதில் ஒரு வரி உண்டு. அதை எடுத்திருந்தால், நிரந்தரமான பாதிப்பு மாதிரிப் பெரிய காயம் இல்லாமல், பட்ட வலிக்காக நஷ்டஈடு கேட்க முடியாது.

போலீஸ் விஷயம். அங்கே காயமோ, 500 டாலருக்கு மேல் சேதமோ இருந்தால் உடனே போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். 500 டாலர் என்பது ஒரு பம்பருக்குக்கூடக் காணாது. நேற்று கூப்பிடவில்லை, சரி, இன்று ஸ்டேஷனுக்கே போய்ச் சொல். போலீஸ் ரிப்போர்ட் எழுதாவிட்டால் 10 நாளுக்குள் நீயே எழுதி அனுப்ப வேண்டிய படிவம் ஒன்று உண்டு, அங்கேயே கேள். அவருடைய நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தாயா? போன் நம்பர் மட்டும் என்றால் இன்றே அவரிடம் இன்சூரன்ஸ் கார்டின் படத்தைக் கேட்டு வாங்கு. பக்கத்துக் கடைகளில் கேமரா இருந்தால் பதிவு அழிவதற்குள் கேட்டுப் பார்.

உன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் இன்றே சொல்லிவிடு. இடித்தவருடைய இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு அட்ஜஸ்டர், எவ்வளவு கொடுப்பது என்று கணக்குப் பார்க்கிறவர், கூப்பிடுவார். பாசமாகப் பேசுவார், "எப்படி இருக்கீங்க?" என்பார், நாம் பழக்க தோஷத்தில் "நல்லா இருக்கேன்" என்போம், அது பதிவாகும். பேச்சைப் பதிவு செய்யச் சம்மதிக்க வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை. செக்கோடு ஒரு பேப்பர் வந்தால் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்பதுதான் அதில் இருக்கும். காயத்துக்கு வழக்குப் போட இரண்டு வருடம் டைம் உண்டு, இடித்தது அரசு வண்டியாக இருந்தால் மட்டும் 90 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வலி நிற்காமல் வேலைக்குப் போக முடியாத நிலை வந்தால் வக்கீலைப் பார், முன்பணம் கேட்கமாட்டார்கள், கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு எடுத்துக்கொள்வார்கள். வெறும் பம்பருக்கு வக்கீல் வேண்டாம்.

ஊரில் மட்டும் பேசி முடித்தால் நல்லதா என்று கேட்டால், அதுவும் இல்லை. என் மச்சான் நான்கு வழிச்சாலையில் எதிர்த் திசையில் வந்த பைக் இடித்து விழுந்தார், 3,000 ரூபாய்க்குப் பேசி முடித்தார்கள், நாலாம் நாள் தலைவலி என்று ஸ்கேன் எடுத்தால் உள்ளே ரத்தக்கட்டு. எஃப்.ஐ.ஆர். இல்லாததால் நஷ்டஈட்டுக்கு நாய்படாத பாடு பட்டோம். இத்தனைக்கும் 'நம்மைக் காக்கும் 48' வந்த பிறகு நடந்தது அது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம், அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர விபத்துச் சிகிச்சைக்கு ஒரு வரம்பு வரை காசு கேட்கமாட்டார்கள். அன்றைக்கே 108-ஐக் கூப்பிட்டிருக்கலாம்.

நேற்று இடித்தது அவர் தப்பு, நாளைக்கு நீ இடிக்காமல் இருக்க வேண்டுமே. நம்ம ஊர் வண்டியில் இண்டிகேட்டர் வலது கைப்பக்கம், அங்கே இடது பக்கம். திருப்பத்தில் வைப்பர் ஆடினால் வெட்கப்படாதே, எல்லோருக்கும் ஆடியிருக்கிறது. ஆபத்தானது ஆளில்லாத ரோடுதான், விடிகாலையில் பார்க்கிங்கிலிருந்து வெளியே வரும்போது முன்னால் வண்டி எதுவும் இல்லையென்றால் கை தானாக இடது பக்கம் இழுக்கும். இன்னொன்று, ஹெட்லைட் அடிப்பது. மேலூர் ரோட்டில் லைட் அடித்தால் "நான் வர்றேன், ஒதுங்கு". அங்கே பெரும்பாலும் "நீ போ". இந்த ஒன்றைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு சந்திப்பில் நடுவில் போய் நின்றவர்களை எனக்குத் தெரியும். தடை போர்டு இல்லாத இடத்தில் சிவப்பில் வலது பக்கம் திரும்பலாம் என்றாலும் சக்கரம் முழுசாக நின்ற பிறகுதான், முதலில் இடது பக்கம் பார். நவம்பரில் கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள், ஐந்து மணிக்கே இருட்டு, அந்தச் சமயத்தில்தான் மானும் ரோட்டுக்கு வரும். பனிக்காலத்தில் ரோடு ஈரமாக இருப்பது போலத் தெரியும், அது ஐஸாக இருக்கும், அங்கே திடீர் பிரேக் போட்டால் வண்டி உன் பேச்சைக் கேட்காது.

அப்பாவிடம் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். வெள்ளிக்கிழமை மேலூர் போகிறேன், நான் வாயைத் திறக்கமாட்டேன். நீ டிக்கியைத் திறந்து ஊறுகாய் பாட்டில் ஏதாவது இருக்கிறதா என்று பார், கம்பளத்தில் இறங்கிவிட்டால் அந்த வாடை கோடை வரைக்கும் போகாது.