நீங்களே எழுதிக் கொடுத்த அந்தக் கடிதம்

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. பெருமூளை வாதம், சக்கர நாற்காலியில்தான் இருப்பான். படிப்பில் குறை இல்லை. தரம் 3 வரை ஊரிலுள்ள அரச பாடசாலையில் படித்தான். தரம் 4 மேல்மாடியில் என்பதால், விசேட கல்விப் பிரிவு உள்ள வேறு பாடசாலைக்குக் கொண்டு போகும்படி அதிபர் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, 'சொந்த விருப்பத்தில் பிள்ளையை விலக்கிக்கொள்கிறேன், விடுகைப் பத்திரம் தரவும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பத்திரத்தை இன்னும் எடுக்கவில்லை. 19 நாளாக மகன் வீட்டில் இருக்கிறான். வகுப்பாசிரியை மற்றப் பெற்றோரின் முன்னால் பேசிய பேச்சை நினைத்தால் நித்திரை இல்லை. அதிபர் பேசியது போனில் பதிவாகி இருக்கிறது. அவர் மேல் வழக்குப் போடலாமா? அந்தப் பதிவை பேஸ்புக்கில் போடலாமா? எங்களைப் போன்ற தாய்மார் சேர்ந்து மனு ஒன்றும் கொடுக்கப் போகிறோம்.
— களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய்

பதில்:

வகுப்பாசிரியை பேசியது கொடுமைதான். ஆனால் வழக்குக்கு அது உதவாது. இங்கே ஒரே ஒரு விடயம்தான் கணக்கு: பாடசாலை உங்கள் மகனை விலக்கியதா, நீங்கள் விலக்கினீர்களா? கையில் இருக்கும் ஒரே எழுத்து நீங்கள் விலக்கியதாகச் சொல்கிறது. நாளை எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் எதிர்த்தரப்பு முதலில் நீட்டப் போவது அந்தக் கடிதத்தைத்தான்.

ஆகவே இன்றே இன்னொரு கடிதம் எழுதுங்கள். அதிபருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் போகட்டும், பிரதி திருகோணமலையிலுள்ள மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கு. ஒரு பக்கம் போதும். முந்திய கடிதத்தின் திகதி, அது யார் சொல்லி, என்ன காரணத்துக்காக எழுதப்பட்டது, அதை இத்துடன் மீளப் பெறுகிறேன், விடுகைப் பத்திரம் பெறவில்லை, ஆகவே மகன் இன்றும் இந்தப் பாடசாலை மாணவன், தரம் 4 வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தாருங்கள். இவ்வளவுதான். வகுப்பாசிரியையின் பேச்சு அதில் வேண்டாம், திட்டு ஒரு சொல்லும் வேண்டாம். விடுகைப் பத்திரத்தைத் தபாலில் அனுப்பினாலும் கையெழுத்து வைத்து எடுக்காதீர்கள்.

கடிதம் போன மறுநாள் சீருடை போட்டு மகனைப் பாடசாலைக்குக் கூட்டிப் போங்கள். உள்ளே விட்டால் வரவு இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வாசலில் திருப்பி அனுப்பினால் லொக் புத்தகத்தில், அதாவது பாடசாலையின் நிகழ்வுப் பதிவேட்டில், பதியச் சொல்லிக் கேளுங்கள். பதிய மறுத்தால் அன்று மாலையே நேரம், சொன்னவரின் பதவி, சொன்ன வார்த்தை மூன்றையும் எழுதி மீண்டும் பதிவுத் தபாலில் போடுங்கள். மகனை வீட்டில் வைத்திருப்பது எதிர்ப்பு என்று நினைக்க வேண்டாம். 5 முதல் 16 வயது வரை பாடசாலைக்குப் போவது கட்டாயம், போகாவிட்டால் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இனி, பெற்றோர் அதிகம் விழும் குழிக்கு வருகிறேன்: காலக்கெடு. அரசியலமைப்பு தந்த உரிமையை அரச தரப்பு மீறியது என்று முறையிடுவதுதான் அடிப்படை உரிமை மீறல் மனு. அதை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். உங்களுக்கு 19 நாள் போய்விட்டது. பொதுவாக நடப்பது இதுதான்: கோட்டக் கல்வி அலுவலகத்தில் ஒரு கூட்டம், 'அடுத்த கிழமை வாங்கோ', பிறகு வலயத்தில் இன்னொரு கூட்டம், தேநீர், 'பார்ப்பம்' என்ற வாக்கு. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள். அந்த மரியாதையிலேயே ஒரு மாதம் கரைந்துவிடும். மகனைக் கூட்டிப் போனபோது புதிதாக மறுத்தார்கள், அன்றிலிருந்து எண்ணலாம் என்று வாதாட இடமுண்டு. அதை நம்பி இருக்காதீர்கள். பழைய திகதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால் நாள் எண்ணுவது நின்றுவிடும் என்று பலர் சொல்வார்கள். பாதிதான் உண்மை. ஆணைக்குழுவுக்கான 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் 13ஆம் பிரிவில், ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு செய்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்கிறது. விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்ததா என்று உயர் நீதிமன்றம் கேட்கும். முறைப்பாட்டு இலக்கம் எழுதிய துண்டு மட்டும் வைத்திருந்தவர்கள் காலம் கடந்ததென்று திரும்பியிருக்கிறார்கள். பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாட்டைக் கொடுங்கள், ஆனால் பாடசாலையிடம் விளக்கம் கேட்டு ஆணைக்குழு அனுப்பும் கடிதத்தின் பிரதியையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

இன்னொரு வழி 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, வலது குறைந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம். அதன் கீழ் மாகாண மேல் நீதிமன்றத்துக்கே மனுச் செய்யலாம், கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. உங்களுக்கு மட்டக்களப்பு. தனியார் பாடசாலைப் பெற்றோருக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. ஆனால் 23ஆம் பிரிவைக் கவனமாக வாசிக்க வேண்டும். அதன் முதல் பகுதி கல்வி நிறுவனத்தில் 'அனுமதி' பற்றித்தான் பேசுகிறது. உங்கள் மகனுக்கு அனுமதி மூன்று வருடத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. ஆகவே மனு இரண்டாம் பகுதியில், கட்டடத்துக்குள் போகவும் அதைப் பயன்படுத்தவும் உள்ள உரிமையில் ஊன்றி நிற்க வேண்டும். மேல்மாடி வகுப்புத்தான் உங்கள் வழக்கு. இந்த வித்தியாசத்தைக் காணாமல் அனுமதி மறுப்பு என்று எழுதிய மனு நிற்காது.

மருத்துவ அறிக்கை கேட்பார்கள். போதனா வைத்தியசாலையில் எடுக்கும்போது வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: நோயின் பெயரோடு, வகுப்பில் மகன் தானாகச் செய்யக்கூடியவை எவை, தேவையான வசதி எது என்றும் எழுத வேண்டும். 'விசேட கல்விக்கு உகந்தவர்' என்ற ஒரு வரி நல்ல எண்ணத்தில் எழுதப்பட்டாலும் உங்களுக்கு எதிரான சாட்சியமாகிவிடும்.

பேஸ்புக் வேண்டாம். பெயரோடு போட்டால் அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பும், மகனின் நிலை ஊர் முழுக்க அலையும், இறங்கி வர நினைத்த அதிபரும் இறங்க மாட்டார். பதிவை அழிக்காமல் அதே போனில் வைத்திருங்கள்.

தாய்மார் சேர்ந்து கொடுக்கும் மனு நல்லது, செய்யுங்கள். உங்கள் மகனின் பிரச்சினையை மட்டும் அதற்குள் புதைத்துவிடாதீர்கள், கூட்டு மனுவுக்காக யாருடைய காலக்கெடுவும் நிற்காது. கூட்டாகக் கேட்க வேண்டியது வேறு. வலயத்தில் எத்தனை பாடசாலைகளில் சாய்தளம் இருக்கிறது, எத்தனை விசேட கல்வி ஆசிரியர் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். அந்த எண்கள் கைக்கு வந்தபின் எழுதும் மனுவை ஒதுக்கி வைப்பது கடினம்.

அதிபர் மேல் வழக்கு என்ற கேள்விக்கு நேராகவே சொல்கிறேன்: சமாதானமாக முடியுங்கள். தீர்ப்பு வரும்போது உங்கள் மகன் தரம் 4ஐத் தாண்டிவிடுவான். வகுப்பறை இரண்டை இடம் மாற்ற ஒரு சனிக்கிழமை போதும். ஆனால் இணக்கம் எழுத்தில் இருக்கட்டும், அதிபரின் கையெழுத்தோடு, வலயத்துக்குப் பிரதியோடு. தரம் 4ம் 5ம் கீழ்த்தளத்தில். படிக்கு மேல் சாய்தளம், ஒரு அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம். உங்கள் படி ஒன்றரை அடி என்றால் 18 அடி. குட்டையாகக் கட்டினால் நாற்காலி பின்னால் சரியும், அப்போது 'ஆபத்து' என்று அதையே காரணம் காட்டுவார்கள். நாற்காலி நுழையும் கழிப்பறைக் கதவு. ஒவ்வொன்றுக்கும் முடிக்கும் திகதி.

'தாய் நாள் முழுக்க வகுப்பில் இருக்க வேண்டும்' என்ற நிபந்தனையைச் சேர்க்கப் பார்ப்பார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்த முதல் நாளே மகன் வெளியே நிற்பான், அதற்கும் உங்கள் கையெழுத்தே இருக்கும். 26ஆம் நாள் வரை எழுத்தில் எதுவும் வராவிட்டால், 27ஆம் நாள் காலை எல்லாக் கடிதங்களின் பிரதியோடும் தபால் பற்றுச்சீட்டோடும் ஒரு சட்டத்தரணியிடம் போய்விடுங்கள்.