தரையே அறைகலன்: தாய்லாந்து வீட்டு அலங்காரம் பற்றிய கேள்விகளும் பதில்களும்

பாங்காக்கிலும் சியாங் மாயிலும் பல ஆண்டுகள் வீட்டு உள்ளலங்கார வேலை செய்தவன் என்பதால், தாய்லாந்து பாணியைப் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. கடைகளில் 'தாய் ஸ்டைல்' என்று கேட்டால் புத்தர் தலை, மூங்கில் விளக்கு, பிளாஸ்டிக் ஆர்க்கிட் ஆகிய மூன்றைத்தான் எடுத்து வைக்கிறார்கள். உண்மையில் அந்தப் பாணி எது?

பதில்: வணக்கம். அந்த மூன்றையும் ஒதுக்கி வைத்துவிட்டுத் தரையிலிருந்து தொடங்குங்கள். மழைக்கால முடிவில் வெள்ளம் ஏறும் சாவ் பிரயா ஆற்றுச் சமவெளியில், வீட்டை ஆளுயரத்துக்கும் மேலே தூண்களில் தூக்கிக் கட்டினார்கள். வெள்ளம் வடிந்த மாதங்களில் அடியில் கிடைக்கும் அந்த நிழலில் தறி போட்டார்கள், படகைப் பழுது பார்த்தார்கள், பகல் முழுவதும் அங்கேயே இருந்தார்கள். படியேறிப் போனால் முதலில் வருவது 'சான்' எனப்படும் திறந்த பலகை முற்றம். அதிலிருந்து ஏறக்குறைய 40 செ.மீ. உயரத்தில் 'ரபியாங்' எனப்படும் கூரையுள்ள தாழ்வாரம். அதிலிருந்து அதே அளவு உயரத்தில் படுக்கையறை. வீட்டுத் தளத்தின் பரப்பில் பாதிக்கும் மேல் முற்றமும் தாழ்வாரமும்தான். அறைகள் மிகச் சிறியவை.

இந்த 40 செ.மீ. வேறுபாட்டில்தான் முழுப் பாணியும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. பழைய தலைநகரான அயுத்தயாவுக்கு அருகில் ஒரு பழைய வீட்டில், உச்சி வெயில் நேரத்தில், தாழ்வாரத்தின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். இரு தளங்களுக்கும் இடையே விடப்பட்ட திறப்பின் வழியாக, ஆற்றின் மேல் வந்த காற்று என் கெண்டைக்காலில் பட்டது. அந்தத் திறப்புக்கு அங்கே 'பூனை நுழையும் சந்து' என்று பெயர். அந்த விளிம்பே நாற்காலியாகவும் காற்றுக்கு வழியாகவும் இருந்தது. அந்தத் தாழ்வாரத்தில் ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு வெற்றிலைத் தட்டு ஆகியவற்றைத் தவிர வேறு பொருளே இல்லை.

கேள்வி: பாங்காக்கில், பட்டு வணிகர் ஜிம் தாம்சனின் இல்லத்தைப் பார்த்தேன். சுவர்கள் சாய்ந்திருப்பதுபோல் தோன்றியது. பழமையால் சாய்ந்துவிட்டனவா, கட்டும்போதே அப்படியா?

பதில்: கட்டும்போதே அப்படித்தான். மத்தியத் தாய்லாந்து வீட்டில் தூண்களும் சுவர்களும் மேலே போகப் போக உட்புறமாகச் சாய்கின்றன. கதவு, சன்னல் சட்டங்களும் மேலே குறுகியிருப்பதை அடுத்த முறை கவனியுங்கள். வெள்ளத்திலும் காற்றிலும் வீட்டுக்கு உறுதி தருவது இந்தச் சாய்வுதான். வடக்கே லன்னா நாட்டு வீட்டில் இதற்கு நேர்மாறாகச் சுவர்கள் வெளிப்புறமாகச் சாயும். கூரை முகட்டில் 'கலே' எனப்படும் இரண்டு செதுக்குப் பலகைகள் கொம்புபோல் பெருக்கல் குறியிட்டு நிற்கும்.

சுவர்கள் தனித்தனிச் சட்டங்களாகத் தரையில் செய்து முடிக்கப்பட்டு, ஆணியின்றி முளைகளாலும் ஆப்புகளாலும் பொருத்தப்படுகின்றன. வீட்டைக் கழற்றிப் படகில் ஏற்றி வேறு ஊரில் மீண்டும் பூட்டலாம். நீங்கள் பார்த்ததும் அவ்வாறு வந்ததுதான்: ஆறு பழைய தேக்கு வீடுகளைப் பல இடங்களிலிருந்து கொண்டுவந்து, சேன் சேப் கால்வாயின் கரையில் ஒன்றாக இணைத்து, 1959இல் தாம்சன் குடியேறினார். எதிர்க்கரையில் இருந்த பான் குருவா நெசவாளர் குடியிருப்புதான் அவருடைய பட்டுத் தொழிலுக்கு அடிப்படை. அவர் செய்த ஒரு துணிச்சலான மாற்றத்தையும் சொல்ல வேண்டும்: சில சுவர்ச் சட்டங்களைத் திருப்பிப் பூட்டி, வெளியே இருக்க வேண்டிய வேலைப்பாட்டை அறைக்குள் பார்க்கும்படி வைத்தார். மரபுப்படி அது தவறு, ஆனாலும் அந்த வரவேற்பறையின் அழகுக்குப் பாதிக் காரணம் அதுவே.

கேள்வி: தாய்லாந்துப் பாணியும் பாலித் தீவுப் பாணியும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. பாலி வீடு மதிற்சுவருக்குள், தரையோடு தரையாக, கல்லும் செங்கல்லும் கூரைப்புல்லுமாகப் பரவி நிற்பது; தாய் வீடு மரத்தாலானது, தூணில் நிற்பது, செங்குத்தான கூரை உடையது. 1988இல் புக்கெட்டில் திறக்கப்பட்ட அமன்புரி போன்ற கடற்கரை விடுதிகளுக்குப் பிறகு, இரண்டும் கலந்த ஒரு விடுதிப் பாணி உலகெங்கும் பரவியது. பலரும் தாய் பாணி என்று நினைப்பது அந்தக் கலவையைத்தான்.

கேள்வி: ஐயா, வரவேற்பறையில் புத்தர் தலைச் சிலை வைக்கலாமா? தாய்லாந்துக்காரர்கள் வருத்தப்படுவார்களா?

பதில்: வருத்தப்படுவார்கள். பாங்காக்கில் சாலையோரப் பெரிய விளம்பரப் பலகைகளிலேயே, புத்தரை அலங்காரப் பொருளாகப் பயன்படுத்துவதும் உடலில் பச்சை குத்திக்கொள்வதும் தவறு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நாட்டைவிட்டுப் புத்தர் சிலையை வெளியே கொண்டுபோக நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும்.

தலையை மட்டும் வைப்பதைப் பற்றிக் கூடுதலாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். 1767இல் பர்மியப் படை அயுத்தயாவை அழித்தபோது எண்ணற்ற சிலைகள் உடைந்தன. அதன்பின் பழம்பொருள் சந்தைக்காகத் திருடர்கள் தலைகளை அறுத்தெடுத்தார்கள். அங்கே இன்றும் வரிசை வரிசையாகத் தலையில்லாத உருவங்கள் அமர்ந்திருக்கின்றன. அவற்றை ஒருமுறை பார்த்தவர்களுக்குத் தேநீர் மேசையின்மேல் தனித் தலையைப் பார்க்க மனம் வராது. வாட் மகாதாட்டில் மரவேர்களுக்குள் சிக்கியிருக்கும் புத்தர் முகத்தின் முன் படம் எடுப்பவர்கள், தங்கள் தலை அதைவிட உயரமாக இராதபடி குனிய வேண்டும் என்பது அங்குள்ள முறை.

வைக்கத்தான் வேண்டும் என்றால் முழு உருவத்தை வையுங்கள். தாய் வீட்டில் 'ஹிங் பிரா' எனப்படும் தனி மாடப்பலகை தலைக்கு மேலான உயரத்தில் இருக்கும். படுத்தால் கால் நீளும் பக்கத்திலும் கழிப்பறைச் சுவரிலும் அது வராது. தினமும் ஒரு பூவாவது வைக்க முடியுமானால் மட்டும் வையுங்கள். இதே உயர்வு தாழ்வு எண்ணம் வீடெங்கும் உண்டு. வாசல் நிலையின் அடிக்கட்டையை 'தொரணி பிரத்து' என்பார்கள். அந்தத் 'தொரணி' நம் 'தரணி'தான். நம் வீட்டைப் போலவே அங்கும் அதை மிதிக்காமல் தாண்ட வேண்டும்.

கேள்வி: கறுப்பும் தங்கமுமாக மின்னும் அலமாரிகளைப் படத்தில் பார்த்தேன். தங்கத்தைத் தூரிகையால் வரைகிறார்களா?

பதில்: இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். அந்த வேலைக்கு 'லாய் ரொத் நாம்' என்று பெயர். 'நீர் ஊற்றிக் கழுவிய கோலம்' என்று பொருள் கொள்ளலாம். அதில் தங்கத்தை யாரும் வரைவதில்லை. தங்கம் வேண்டாத இடத்தைத்தான் வரைகிறார்கள்.

முதலில் மரத்தின்மேல் 'ராக்' என்ற மரத்தின் கறுத்த பாலைப் பல முறை பூசி, ஒவ்வொரு பூச்சையும் உலர்த்தித் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்குகிறார்கள். பிறகு மஞ்சள் மை ஒன்று தயாராகிறது. அதில் சேர்வன மூன்று: அரிதாரம் என்ற மஞ்சள் கனிமம், சீயக்காய் ஊறிய நீர், விளாம்பிசின். நம் பாட்டிமார் அறிந்த இந்த மூன்றையும் தாய்லாந்துக் கைவினைஞரின் கிண்ணத்தில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சாதாரணமானதன்று. கறுப்பாகவே இருக்க வேண்டிய இடங்களை எல்லாம் அந்த மையால் நிரப்புகிறார்கள். அதன்மேல் மிக மெல்லிய ராக் பூச்சைத் துணியால் ஒற்றித் துடைத்து, பசை பிடிக்கும் பதத்தில் தங்கத் தாளை முழுப் பலகையிலும் ஒட்டுகிறார்கள். அப்போது எந்தக் கோலமும் தெரியாது. பலகை முழுக்கத் தங்கமாகவே இருக்கும். ஒரு நாள் போல விட்டு, ஈரப் பஞ்சால் மெல்லத் துடைத்தால், பிசின் கலந்த மை நீரில் கரைந்து தன்மேல் ஒட்டிய தங்கத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிடும். எஞ்சியதெல்லாம் தங்கச் சுடர்க்கொடி. 'கனோக்' எனப்படும் அந்தத் தீநாக்கு வடிவம், மயிரிழை அளவுக்கு நுட்பமாக நிற்கும். துடைக்கும் அந்தச் சில நிமிடங்களில் பட்டறையில் ஒருவரும் பேசவில்லை.

ஓலைச்சுவடிகளை வைக்கும் கோயில் அலமாரிகளில்தான் இது உச்சத்தை அடைந்தது. பாங்காக்கில் சுவன் பக்காட் அரண்மனைத் தோட்டத்தில் உள்ள அரக்கு மண்டபத்தை அவசியம் பாருங்கள். அயுத்தயாப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட அதன் உட்சுவர்களில் புத்தர் வரலாறும் ராமகியன் எனப்படும் அவர்களுடைய இராமாயணமும் இந்த முறையில் தீட்டப்பட்டுள்ளன. வீட்டுக்கு ஒரு சிறு பெட்டி போதும். நேர் வெயில் படாமல் வையுங்கள்.

கேள்வி: தரையில் உட்காரும் ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு மூட்டுவலி. என்ன செய்யலாம்?

பதில்: தாய்லாந்திலேயே இதற்கு விடை இருக்கிறது. 'தாங்' எனப்படும் அகன்ற தாழ்மேடை நம் விசிப்பலகையை ஒத்தது. அம்மாவுக்காக 40 முதல் 45 செ.மீ. உயரத்தில் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். அவர் காலைத் தொங்கவிட்டு உட்காரலாம், நீங்கள் அதே மேடையில் சம்மணமிடலாம். சாய்ந்துகொள்ள முக்கோணத் தலையணை வையுங்கள். கோடாலி வடிவில் இருப்பதால் அதைக் 'கோடாலித் தலையணை' என்றே அங்கே சொல்கிறார்கள். அதன் உள்ளே சிறுசிறு அறைகளாகத் தைத்து இலவம்பஞ்சை இறுக்கி அடைத்திருப்பார்கள். அழுத்திப் பார்த்தால் அமுங்கக் கூடாது. பஞ்சுக்குப் பதில் நுரைத் துண்டுகள் அடைத்தது ஒரே ஆண்டில் தொய்ந்துவிடும்.

கேள்வி: பழைய தாய்லாந்துத் தேக்கு வாங்குவது நல்லதா?

பதில்: 1988 நவம்பரில் தெற்குத் தாய்லாந்தில் மொட்டையடிக்கப்பட்ட மலைகளிலிருந்து வெள்ளமும் மண்சரிவும் வந்து பலரைக் கொன்றன, அதையடுத்து 1989இல் இயற்கைக் காடுகளில் வணிக மரவெட்டு தடை செய்யப்பட்டது. ஆகவே இடித்த வீட்டின் பலகையா, தோட்டத்தில் வளர்த்த தேக்கா என்று கேட்டு, தாள்களைப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் மரச் சாமான்களும், ஆகாயத்தாமரைத் தண்டை உலர்த்திப் பின்னிய நாற்காலிகளும் இன்றைய தாய் வீடுகளில் இயல்பாகவே இருக்கின்றன. அவற்றைத் தாழ்வாக எண்ண வேண்டாம்.

கேள்வி: வாசலில் என்ன செடி வைப்பார்கள்?

பதில்: முன்புறம் அரைநெல்லி, பின்புறம் பலா. அரைநெல்லியின் தாய்ப் பெயர் 'மயொம்', 'நியொம்' என்ற சொல்லை நினைவூட்டுவதால் பிறர் விரும்புவார்கள் என்றும், பலாவின் பெயரான 'கனூன்' தாங்குதல் என்ற பொருளுள்ள சொல்லை ஒலிப்பதால் ஆதரவு கிட்டும் என்றும் நம்பிக்கை. ஈழத்தலரி எனப்படும் பெருங்கள்ளி மரத்தின் பழைய பெயர் 'லந்தொம்' துயரத்தைக் குறிக்கும் சொல்லை ஒத்திருந்ததால் முன்பு வீட்டில் அதை நடுவதில்லை. 'லீலாவதி' என்ற புதுப்பெயர் வந்த பிறகுதான் விடுதிகளிலும் வீடுகளிலும் நிறைந்தது.

கேள்வி: நான் இருப்பது இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீடு. தூணும் இல்லை, முற்றமும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பால்கனியை ஒட்டிய மூலையிலிருந்து தொடங்குங்கள். அங்கே இருக்கும் சோபாவை எடுத்துவிட்டு, சன்னலோரமாக ஆறடிக்கு நாலடி மரமேடை ஒன்று போடுங்கள்; அடிப்பக்கத்தைப் பலகையால் மூடாமல் காற்றுப் போக விடுங்கள். மேலே ஒரு கோரைப்பாய், ஒரு கோடாலித் தலையணை. மற்றப் பொருள்களின் உயரத்தை அந்த மேடையில் உட்கார்ந்தபடியே முடிவு செய்யுங்கள்: விளக்கைத் தாழ்த்துங்கள், படங்களைக் கண் மட்டத்துக்கு இறக்குங்கள், சாமி மாடத்தை மட்டும் உயரத்தில் விடுங்கள். சுவர் வெறுமையாகத் தோன்றினால் உடனே எதையும் வாங்கி மாட்டாதீர்கள். ஒரு கோடை முழுவதும் அந்த மேடையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிறகு எனக்கு எழுதுங்கள்.