“சொந்தப் பொறுப்பில் ஏறுகிறேன்” என்று கையெழுத்து வாங்கினால் போதுமா?

கேள்வி: முத்தையன்கட்டுப் பக்கம் சின்ன விருந்தினர் விடுதி நடத்துகிறேன். தரையிலும் தண்ணீரிலும் ஓடும் பழைய வாகனம் ஒன்றை வாங்கி அனுப்பலாம் என்கிறார் சுவிஸில் இருக்கும் சித்தப்பா. வருகிறவர்களை ஏற்றிக் குளத்துக்குள் இறக்கிச் சுற்றிக் காட்ட விருப்பம். “சொந்தப் பொறுப்பில் ஏறுகிறேன்” என்று கையெழுத்து வாங்கினால் வழக்கு வராது என்கிறார் கூட்டாளி. சரிதானா?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: கூட்டாளியை நம்ப வேண்டாம். உங்கள் கவனக்குறைவால் ஒருவர் இறந்தாலோ காயப்பட்டாலோ, அந்தப் பொறுப்பை ஒப்பந்த வாசகத்தாலோ அறிவித்தல் பலகையாலோ தட்டிக்கழிக்க முடியாது. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் அதைத் தடுக்கிறது. அப்புறம், தகப்பன் கையெழுத்து வைத்தால் அது அவர் பிள்ளைகளைக் கட்டுமா? தங்களைப் பராமரித்தவரை இழந்ததற்கு அவர்கள் தனியே நட்டஈடு கேட்கலாம். வழக்குப் போட இரண்டு வருடம் இருக்கிறது. மரணம் நேர்ந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவும் வரும். ஐந்து வருடம் வரை சிறை.

“இப்படி நடக்கும் என்று தெரியாது” என்ற வாதமும் எடுபடாது. 1999இல் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் இத்தகைய வாகனம் ஏரியில் மூழ்கி 13 பேர் இறந்தார்கள். மேலே இருந்த கூரை அவர்களை வெளியேற விடவில்லை. கூரையைக் கழற்றுங்கள் என்று விசாரித்தவர்கள் எழுதியே வைத்தார்கள். 2018இல் மிசூரியில், புயல் எச்சரிக்கை விடுத்த பிறகும் தண்ணீரில் இறக்கிய வாகனத்தில், அதே மாதிரிக் கூரையின் கீழ், 17 பேர் போனார்கள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இதையெல்லாம் எடுத்துப் போடுவார். வெயிலுக்குக் கூரை வேண்டும் என்று கேட்பீர்கள்; தொப்பி கொடுங்கள்.

காப்புறுதியில்தான் பலர் மாட்டுவார்கள். மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கும் மூன்றாந்தரப்புக் காப்புறுதி வீதிக்கானது. சில்லு தண்ணீரில் மிதக்கும் நேரத்தையும், ஏறியிருக்கும் பயணிகளையும் காப்புறுதி உள்ளடக்குகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். முகவர் வாயால் சொல்வது வேலைக்கு ஆகாது.

அடுத்தது குளம். அது உங்கள் விடுதிக்குப் பின்னால் இருந்தாலும் உங்களுடையது அல்ல. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் பார வாகனத்தைக் குளக்கட்டில் ஏற்றவோ, இறங்குவதற்கு வழி செய்ய அலைகரைக் கற்களைப் புரட்டவோ போகாதீர்கள். கட்டைச் சேதப்படுத்துவது குற்றம். அதற்கு முன் கமக்காரர் அமைப்பே உங்களை வழிமறித்துவிடும், அதுவும் நியாயம்தான். குளம் சரிவராவிட்டால் சுண்டிக்குளம் போகலாம் என்ற யோசனை இருந்தால், அது தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தைத் தாண்ட வேண்டும்.

பழைய வாகனத்தை இறக்கலாமா என்று இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்திடமும், பதிவு கிடைக்குமா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் கடிதம் போட்டுக் கேளுங்கள். பதில்கள் கைக்கு வரும்வரை சித்தப்பா ஒரு பிராங்கும் கட்டக் கூடாது.

கூட்டாளியோடு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? மூலதனம் ஆயிரம் ரூபாயைத் தாண்டினால் பங்குடைமை எழுத்தில் இருக்க வேண்டும். அதைவிட, இந்தத் தொழிலைக் கம்பனியாகப் பதிந்து விடுதியிலிருந்து பிரித்து வையுங்கள். பங்குடைமையில் அவர் பிழை விட்டாலும் முழு நட்டஈட்டையும் உங்களிடமே கேட்கலாம்.