சம்பளத்துக்குப் பதில் சாப்பாடும் தங்குமிடமும்: இது நியாயமா?

ஊர் சுற்ற வருபவர்களிடம் சம்பளம் இல்லாமல் சாப்பாட்டுக்கும் அறைக்கும் வேலை வாங்குவது சுரண்டலா என்று கேட்கிறீர்கள். எல்லா இடத்திலும் அல்ல. 1971-இல் இங்கிலாந்தில் தொடங்கிய வூஃப் (WWOOF) இயக்கத்தில், தன்னார்வலர்கள் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் ஈடாக இயற்கைப் பண்ணைகளில் களை பறிக்கிறார்கள், தொழிலையும் கற்றுக்கொள்கிறார்கள். அரை நாள் உழைப்பு, மீதி நேரம் அவர்களுடையது என்றால் எனக்கு உறுத்தலில்லை.

அதே ஆள் விடுதி வரவேற்பு மேசையில் இரவெல்லாம் விழித்திருந்து, விடிந்ததும் படுக்கை விரிப்புகளையும் மாற்றினால், அது கூலியை மிச்சம் பிடிக்கும் தந்திரம்தான். சம்பளத்துக்கு வந்திருக்க வேண்டிய ஒருவரின் பிழைப்பும் போகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கை, ஊதியத்தில் ஒரு பகுதியை மட்டுமே பொருளாகத் தர இடமளிக்கிறது. அதன் மதிப்பும் நியாயமாக இருக்க வேண்டும்.

நினைத்த நாளில் கிளம்ப முடியுமா என்பதையும் பாருங்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்துக்குப் போகவே போகாதீர்கள்.